நாற்பத்தேழாம் தரைவானோடியின் பெருவிரல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நான் ஒரு விமானத்தைத் தரையில் போடப் பார்த்தேன். விமானம் ஒத்துழைக்கவில்லை. அதற்கு என்னைவிடப் புத்தி அதிகம் என்பது நான் வேலை பார்க்கும் ஓசூர் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு எனக்கும் தெரிந்துபோனது.

அதுவரை எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது. ஏழரை மணி பஸ், வாசலில் கைரேகை, ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், பதினோராம் கூண்டு. பாவனைக்கூண்டு என்பது அரசாங்கம் வைத்த பெயர். பழைய ஆட்கள் இன்னும் சிமுலேட்டர் என்றுதான் சொல்கிறார்கள். ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் பெரிய முட்டை அது. உள்ளே விமானத்தின் முன்னறை அச்சு அசலாக இருக்கும். ஜன்னலில் மேகம் வரும், நாற்காலி நடுங்கும், திருப்பத்தில் வயிறு ஒரு பக்கமாக ஒதுங்கும். காபிக்கு மட்டும் அனுமதி இல்லை.

விமானிகளை விமானத்திலிருந்து இறக்கிவிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது தானோட்டிதான் ஓட்டுகிறது. அந்த ஆட்டோபைலட்டுக்குப் புரியாத ஏதாவது குறுக்கே வந்தால் பார்த்துக்கொள்ள, சில பயணங்களுக்காவது தரையில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம். அந்த மனிதனுக்குத் தரைவானோடி என்று பெயர். என் எண் நாற்பத்தேழு. பெயர் இருதயராஜ்; ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லக்கூடாது. இதற்கு முன் கிருஷ்ணகிரி பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருபது வருஷம் விமானம் ஓட்டி விளையாடியதுதான் என் தகுதி. நிஜ விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. மனைவி ஃபிலோமினா ஏறியிருக்கிறாள், இரண்டு தடவை. சண்டை வந்தால் அதைக் குறிப்பிடுவாள்.

அன்று வாணியம்பாடி புது விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஏலகிரி மலை, வெயில், பாலாறு என்று பெயருக்கு ஒரு மணல் கோடு. மைக்கை எடுத்து வழக்கமான அறிவிப்பைச் சொன்னேன். “பயணிகளுக்கு வணக்கம். தரைவானோடி நாற்பத்தேழு பேசுகிறேன். இப்போது ஆம்பூருக்கு மேலே பறக்கிறோம். பிரியாணி வாசனை உள்ளே வரவில்லை என்றால் கதவு சரியாக மூடியிருக்கிறது என்று அர்த்தம்.” ஆறு வருஷமாக இதே ஜோக். பதிலுக்கு ஒரு சிரிப்போ ஒரு கல்லோ இதுவரை வந்ததில்லை. மைக் ஒருவழிப் பாதை.

எண்ணூறு அடிக்கு வந்தபோது ஓடுபாதையில் ஏழு மயில்கள் நடந்து போவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னார்கள். இது ஒரு பெரிய விஷயமே இல்லை. மயில் தேசியப் பறவை. விமானம்தான் வழிவிட வேண்டும். மறுசுற்று எடுக்க வேண்டும், அதாவது இறங்காமல் திரும்ப மேலே ஏறி ஒரு வட்டம் அடித்து வர வேண்டும். ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைக்கம்பியின் பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினேன், மூக்கைத் தூக்கினேன்.

இங்கேதான் என் பெருவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு வகை விமானங்கள் உண்டு. நாரை, ஆலா. நாரையில் தானோட்டி என்ன செய்தாலும் விசைக்கம்பிகள் கூடவே நகரும். கையை வைத்திருந்தாலே அது என்ன நினைக்கிறது என்று தெரியும். மறுசுற்றுக்குக் கம்பியின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் போதும், கம்பிகள் தாமே முன்னே ஓடி முழு விசையைக் கொடுக்கும். ஆலாவில் கம்பிகள் கல்மாதிரி நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திரையின் உச்சியில் பச்சை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுசுற்றுக்குக் கம்பிகளை நாமே கடைசிவரை தள்ள வேண்டும். பொத்தான் அங்கேயும் உண்டு, அதே இடத்தில், அதே அளவில். ஆனால் ஆலாவின் அகராதியில் அந்தப் பொத்தானுக்கு வேறு அர்த்தம்: விசையைத் தானோட்டி இனிமேல் கவனிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆறு வருஷம் நாரையில் உட்கார்ந்தவன் நான். எல்லாரும் எல்லா வகையும் ஓட்ட வேண்டும் என்று புது உத்தரவு வந்து ஆலாவுக்கு மாறி மூன்று வாரம்தான். மூளை மாறியிருந்தது, தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கினேன். பெருவிரலுக்குத் தகவல் போகவில்லை.

ஆக, மூக்கு வானத்தைப் பார்த்தது, என்ஜின்கள் அரைத்தூக்கத்தில் இருந்தன, வேகம் கரைந்தது. ஏன் ஏறவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆலாவின் தற்காப்பு விழித்துக்கொண்டது. என்னைக் கேட்காமல் மூக்கைக் கீழே தள்ளியது, என்ஜின்களை உச்சத்துக்குக் கொண்டுபோனது, கொஞ்சம் விழுந்து, பிறகு ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறியது. மொத்தம் பன்னிரண்டு வினாடி. என் ஸ்வெட்டர் பையிலிருந்த கடலை மிட்டாய் கூரையில் பட்டு என் மடியிலேயே விழுந்தது. அதன்பின் ஒழுங்காக ஒரு வட்டம் அடித்து, மயில்கள் போன பாதையில் மெத்தென்று இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டதும் வழக்கம்போலத் திரை கறுத்தது. இறங்கிய பிறகு நடப்பதை எங்களுக்குக் காட்டமாட்டார்கள்.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அதன் பிறகு மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி, ஒன்றுதான். “நிஜமா, ஒத்திகையா?”

கேட்கக்கூடாத கேள்வி அது. தரைவானோடிகளைப் பற்றி ஆரம்பத்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். நிஜ விமானம் என்று தெரிந்தால் கை நடுங்குகிறது. ஒத்திகை என்று தெரிந்தால் முறுக்கு தின்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தாகத் திரை விதியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் அமர்வுகளில் சில நிஜம், சில ஒத்திகை. எது எது என்று எப்போதும் சொல்லமாட்டார்கள். ஒத்திகைகள்கூட அன்றைய நிஜ விமானத்தின் நகல்தான். அதே எண், அதே வானிலை, அதே மயில்கள். ஆகவே நிலையத்தின் பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பார்த்தேன். ஒன்பது நாற்பது விமானம் இருபது நிமிடம் தாமதம் என்று போட்டிருந்தது. அதை இறக்கியது நானா, வேறு ஊரில் வேறு கூண்டிலிருந்த ஒழுங்கான பெருவிரல்காரரா என்று போடவில்லை. மறுசுற்று செய்தித்தாளிலும் வராது. அது ஒரு நாளைக்கு நூறு நடக்கும்.

ஆறு வருஷம் இந்த விதி எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. நல்ல இறக்கம் அமைந்தால் நிஜம் என்று நினைத்துக்கொள்வேன், சுமாராகப் போனால் ஒத்திகை. அந்தக் கணக்கில் உலகத்திலேயே சிறந்த விமானி நான்தான்.

மேற்பார்வையாளர் சுபத்ரா மேடம் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், குரலை உயர்த்தாதவர். நிஜமாக இருந்திருந்தால் எப்படி எடுத்துக்கொள்வேனோ அப்படியே எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அப்படியென்றால் நிஜமா என்றேன். அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். அப்படியென்றால் ஒத்திகையா என்றேன். அப்படியும் சொல்வதற்கில்லை என்றார். பிறகு ஒரு படிவத்தைத் தள்ளினார். விமானத்தைச் செயற்கை மூளை ஓட்டலாம், ஆனால் எங்கள் துறையில் கையெழுத்தை மட்டும் பேனாவால்தான் போட வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். ‘ஆலா இருக்கைக்குத் தயார்’, ‘தயாரில்லை’. சனிக்கிழமை காலைக்குள் ஒன்றில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும்.

‘தயாரில்லை’யில் இதுவரை யாரும் குறியிட்டதில்லை. குறியிட்டால் ஆறு மாதம் கீழ்த்தளப் பயிற்சி அறை. அங்கே எல்லாமே ஒத்திகை, கதவிலேயே எழுதியிருக்கும். கூண்டு நகராது. மைக் கிடையாது. யாராவது கேட்கிறார்களோ என்ற சந்தேகத்துக்குக்கூட இடமில்லாத அறையில் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. அதைவிட மோசம், அங்கிருந்து திரும்பி வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் கூண்டு வேணுகோபாலிடம் கேட்டேன். எங்கள் கூடத்தில் ஆலா ஓட்டுவதில் அவன்தான் கெட்டிக்காரன். நிஜம் என்றால் நிஜம், ஒத்திகை என்றால் ஒத்திகை, இதில் என்ன இருக்கிறது என்றான். தகவல் மேடையின் பதில் எந்திரத்திடம் கேட்டேன். ‘உங்கள் கேள்விக்கு இரண்டு சாத்தியங்கள் உள்ளன’ என்று ஆரம்பித்து இரண்டையும் மரியாதையாக விளக்கியது. புதன்கிழமை இட்லி தட்டில் வைத்துக்கொண்டு ஃபிலோமினாவிடம் கேட்டேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையின் ஓரத்தை, டம்ளரின் விளிம்பை, ரிமோட்டை, பேனாவை என்று அகப்பட்டதையெல்லாம் என் பெருவிரல் அழுத்திக்கொண்டிருந்தது.

“நிஜமா இருந்தா என்ன பண்ணப் போறீங்க?” என்றாள்.

கேள்விக்குக் கேள்வி. இருந்தாலும் மற்ற எல்லாருடைய பதிலையும்விட அது என்னை அதிகமாகக் குடைந்தது. ஒருவேளை அந்த விமானத்தில் நூற்றறுபது பேர் இருந்திருந்தால்? அதில் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அது தெரியாமல் சனிக்கிழமை போய் அதே இருக்கையில் உட்கார்ந்து அதே ஆம்பூர் ஜோக்கை என்னால் சொல்ல முடியுமா? என் கூண்டில் அடிபட்டது கடலை மிட்டாய் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன். தரைவானோடிகள் தாங்கள் இறக்கிய நிலையத்துக்குப் போய் விசாரிப்பது உரிமத்தைப் பறிக்கக்கூடிய குற்றம். அந்தப் பயம் கிருஷ்ணகிரிவரை இருந்தது. பிறகு பஸ் டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் வேர்க்கடலையையும் கவனித்ததைப் பார்த்ததில் வேறு பயம் வந்துவிட்டது. அவர் ஓட்டுவது நிஜம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நிலையத்தின் வேலிக்கு வெளியே முனிரத்தினம் என்றொருவர் வெடிக்கட்டோடு நின்றிருந்தார். மயில் விரட்டுவது அவர் வேலை. எல்லாவற்றையும் எந்திரம் பார்த்துக்கொள்ளும் இந்தக் காலத்தில் மயில்கள் மட்டும் எந்திரத்துக்குப் பயப்படுவதில்லையாம். நான் பறவை ஆர்வலன் என்று சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை மயில் வந்ததா என்று கேட்டேன்.

“மயிலு எந்த நாளு சார் வரல?” என்றார்.

அன்று ஒரு விமானம் இறங்க வந்து குதித்ததைப் பார்த்தாரா என்று நேராகவே கேட்டேன். தான் பார்ப்பது தரையை, வானத்தை அல்ல என்றார். கொஞ்சம் யோசித்து, விமானத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி புதன்கிழமையிலிருந்து கையில் கட்டோடு உள்ளே கவுன்டரில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நான் ஆறுதலடைவேன் என்று நினைத்தாரோ என்னவோ, குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கலாம், தான் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நான் அந்தக் குளியலறையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போகும் வழியெல்லாம் ஈரமான தரையையும் சோப்புத் தண்ணீரையும் மனதில் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

தவறவிட்ட பொருள்கள் கவுன்டர் ஒரு மூலையில் இருந்தது. உள்ளே முப்பது வயதிருக்கும் ஒரு பெண். சீருடையின் இடது கைப்பக்கம் வெட்டித் தைத்திருந்தது. முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கை. நசீமா என்று பெயர்ப்பட்டை. வலது கையால் ஒரு குழந்தைச் செருப்புக்கு எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையில் சீட்டு ஒட்டாமல் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை நான் செருப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“தேங்க்ஸ் சார். என்ன தொலைச்சீங்க?”

“குடைம்மா,” என்றேன். “கறுப்புக் குடை. கைப்பிடி மட்டும் பிரவுன்.”

அவள் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தவள் எடுத்தபடியே நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைத்தான் என் பக்கம் திருப்பினாள்.

“சார், இன்னொரு தடவ பேசுங்க.”

“எதுக்கும்மா?”

“நாப்பத்தேழு,” என்றாள்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கால் சொல்வதை மட்டுமாவது கேட்கக்கூடாது என்று நின்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதுதான் எனக்கு அதுவரை தெரியாத பாதி. விமானத்துக்குள் இருப்பவர்களுக்கும் ஒரு திரை விதி உண்டாம். சில பயணங்களில் தரையில் ஆள் இருப்பார், சிலவற்றில் தானோட்டி மட்டும்தான். குரல் என்னவோ எல்லாவற்றிலும் வரும். மனிதன் பேசுகிறானா, எந்திரம் மனிதன்மாதிரி பேசுகிறதா என்று அவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். பணிப்பெண்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்களாம். நாற்பத்தேழு எந்திரம் என்று மற்ற எல்லாரும் சொல்ல, இவள் மட்டும் மனிதன் என்று நாலு வருஷமாக வாதாடியிருக்கிறாள்.

“எந்திரம் இவ்ளோ மோசமா ஜோக் அடிக்காதுன்னு சொன்னேன் சார்.”

ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம். மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் கண் அந்தக் கட்டை விட்டு நகரவில்லை. குளியலறை என்று அவளாகச் சொல்லிவிடமாட்டாளா என்று இன்னும் ஒரு நப்பாசை.

அவள் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னாள். ஆம்பூர் ஜோக் வந்ததாம். பதினான்காம் வரிசையில் ஒரு பெரியவர், இன்னும் இறங்கவே இல்லை, அதற்குள் பெட்டியை எடுக்க எழுந்துவிட்டாராம். உட்காரவைக்க இவள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அவரை உட்காரவைத்து முடித்த நேரத்தில் தரை காணாமல் போனதாம். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் கூரையைத் தொட்டுவிட்டு இருக்கையின் கைப்பிடியில் விழுந்திருக்கிறாள். எலும்பு இரண்டு இடத்தில். உள்ளே எல்லாரும் கத்தியிருக்கிறார்கள், பிறகு கத்தல் நின்று வாந்தியும் ஜெபமும் நடந்திருக்கின்றன.

“அந்த வட்டம் அடிச்சு வந்தோம்ல சார், பதினோரு நிமிஷம். எல்லாரும் மேல ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க ஒரு வார்த்த பேசல. அப்பதான் நான் பந்தயத்துல தோத்துட்டேன்னு நெனச்சேன். ஆளே இல்லபோலன்னு.”

அந்தப் பதினோரு நிமிடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மைக் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒத்திகையாகத்தான் இருக்கும், யாருக்காகப் பேசுவது என்று நினைத்தேன். அப்படி முழுதாகக்கூட நினைக்கவில்லை. மைக்கை ஒரு தடவை பார்த்தேன், மடியிலிருந்த கடலை மிட்டாயை எடுத்துப் பையில் வைத்தேன், அவ்வளவுதான். மூன்று நாளாக நிஜமா ஒத்திகையா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தவன், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாரை, ஆலா, ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பொத்தான்கள், ஆறு வருஷப் பழக்கம். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை கேட்டேன். நடுவில் யாரோ ஒருவர் வந்து சார்ஜர் தொலைந்துபோனதாகச் சொன்னார். அவருக்குத் தேடிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி நின்றாள். என்னைப் பற்றி மேலே சொல்லப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கடைசியில் படிவத்தை எடுத்து அந்தக் குழந்தைச் செருப்புக்குப் பக்கத்தில் விரித்தேன். இரண்டு கட்டங்களையும் காட்டினேன். ஒன்றில் குறியிட்டால் நாளைக்கே திரும்ப ஆலா, மற்றதில் மைக் இல்லாத அறை, ஆறு மாதம் என்று விளக்கினேன். வேணுகோபாலிடமோ மேடத்திடமோ இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு சாத்தியங்கள் உள்ளன என்பார்கள்.

“கட்டு பிரிச்சதும் நீங்க திரும்ப ஏறுவீங்க,” என்றேன். “கீழ நான் உக்காந்திருக்கலாமா?”

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். என் பெருவிரல் கவுன்டரின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை.

“ஆலாவுலயா?”

“ஆமா.”

“வேண்டாம் சார்,” என்றாள். “இப்ப வேண்டாம்.”